இரண்டாம் குளம்

மார்ச் 4

நேற்று சாயங்காலம் என் வீட்டுக்காரரைக் கைது செய்துவிட்டார்கள். வேளாங்கண்ணி தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில், எங்கள் காரிலேயே. டீசல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். வக்கீல் பாலசுந்தரம் போனில் சொன்னார்.

"கஞ்சா கேசும்மா. அளவு பெரிசு, இப்போதைக்கு ஜாமீன் கஷ்டம். யார் வந்து என்ன கேட்டாலும் தெரியாதுன்னு மட்டும் சொல்லுங்க."

தெரியாது என்று சொல்ல எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

வேலை நின்றுவிடுமா என்ன. காலையில் இரண்டு குளத்துக்கும் தீவனம் போட்டோம். இறால் குஞ்சு விட்டு ஒரு மாதம் ஆகிறது, எல்லாம் துடிப்பாக இருக்கின்றன. காத்தமுத்து எதுவும் கேட்கவில்லை. ஒன்பது வருடமாக எங்கள் குளங்களைப் பார்த்துக்கொள்கிற மனிதர், முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார்.

மதியம் தீவனக் கொட்டகையைச் சுத்தம் செய்தேன். மூலையில் கிடந்த பழைய சாக்குகளைக் கொளுத்தி, தரையைப் பிளீச்சிங் பவுடர் போட்டு இரண்டு முறை கழுவினேன். எலித்தொல்லை.

மார்ச் 5

தீவனத் தட்டு காலி. நன்றாகத் தின்கின்றன. நான் சமைக்கவில்லை.

மார்ச் 12

போதைப்பொருள் தடுப்புப் பிரிவிலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். தலைமை ஒரு பெண் அதிகாரி, ரெஜினா மேரி என்று பெயர். என் வயதுதான் இருக்கும். குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"இந்த வீடு, ரெண்டு குளம், கார், எல்லாம் உங்க பேர்ல இருக்கு. தெரியும்தானே?"

"தெரியும்."

"எப்படி வாங்குனீங்க?"

"எறா வருமானம்."

"எந்த வருஷத்து எறா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர்கள் போன பிறகும் யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன். முதல் வருடம் வெள்ளைப்புள்ளி நோய். ஒரே வாரத்தில் குளம் முழுக்கச் செத்து ஒதுங்கியது, குழி வெட்டிப் புதைத்தோம். அடுத்த வருடம் புயலில் கரை உடைந்து எல்லாம் கடலுக்குப் போனது. அதற்கடுத்த வருடம் விலை படுத்துவிட்டது. அந்த வருடக் கடைசியில்தான் பக்கத்து நிலத்தை வாங்கி இரண்டாம் குளம் வெட்டினோம். அதற்கடுத்த வருடம் இந்த வீடு. நடுவில் நல்ல வருடம் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். நினைவுக்கு வரவில்லை.

கிளம்பும்போது கொட்டகைப் பக்கம் போய் வாசலில் நின்றார்.

"சுத்தமா இருக்கே."

"எலி வந்துச்சு."

என்னைப் பார்த்தார். எழுதிக்கொள்ளவில்லை.

மார்ச் 24

திருச்சி சிறையில் அவரைப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நான்கு நாள் தாடியோடு உட்கார்ந்திருந்தார். அவரை அழைத்துவருவதற்கு முன் இளஞ்செழியன் என்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். யாரோ வேறு ஆள் வரப்போகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"ஒண்ணும் ஆவாது மங்கை. நீ குளத்த மட்டும் பாத்துக்க. என்மேல ஒரு சென்ட் நெலங்கூடக் கெடையாது. என்னத்த எடுத்துருவானுவ?"

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. எல்லாவற்றையும் என் பெயரில் பதியும்போது, "எல்லாம் மகாராணி பேர்லதான்" என்று பத்திர ஆபீசில் எல்லாரும் கேட்கச் சொன்னவர். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த ஞாபகம் வந்து, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 6

தீவனக் கடையில் கார்டு வேலை செய்யவில்லை. மறுபடி போட்டுப் பார்த்தார் கடைக்காரர். பின்னால் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்தால் கதவில் உத்தரவு ஒட்டியிருக்கிறது. வீடு, குளங்கள், கார், வங்கிக் கணக்கு, என் வளையல்கள் உட்பட எதையும் விற்கவோ அடகு வைக்கவோ மாற்றவோ கூடாதாம். பதிவு அலுவலகத்துக்கும் வங்கிக்கும் நகல் போயிருக்கிறது.

வக்கீலிடம் ஓடினேன்.

"இது என்னங்க நியாயம்? அவரு மேலதானே கேசு?"

"போதைப்பொருள் சட்டத்துல தனி அத்தியாயமே இருக்கும்மா. அவர் சம்பாதிச்சது யார் பேர்ல இருந்தாலும் தேடிப் பிடிக்கலாம். பொண்டாட்டி, கூடப்பொறந்தவங்க, கூட்டாளி எல்லாரும் அதுல வருவாங்க. கைதுக்கு முந்தின ஆறு வருஷத்துல வாங்குனது எல்லாத்தையும் தோண்டுவாங்க."

"அது கஞ்சாப் பணம்னு அவங்க நிரூபிக்க வேணாமா?"

"குத்தத்தத்தான் அவங்க நிரூபிக்கணும். சொத்து நல்ல பணத்துல வந்துச்சுன்னு நாமதான் நிரூபிக்கணும். முடியலன்னா அரசாங்கத்துக்குப் போயிரும்."

நாமதான் என்று அவர் சொன்னது என்னைத்தான்.

ஏப்ரல் 11

இறால்களுக்குச் சட்டம் தெரியாது. பசிக்கிறது. மின்சாரம் போனால் குளத்துத் தண்ணீரை அடிக்கிற காற்றாடி நின்றுவிடும்; நின்றால் தண்ணீரில் மூச்சுக்காற்று குறைந்து எல்லாம் மேலே வந்து திணறும். ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. காத்தமுத்து துடுப்பை எடுத்துக்கொண்டு படகில் ஏறி, குளத்தைச் சுற்றிச் சுற்றித் தண்ணீரை அடித்தார். நானும் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் கையால் அடித்தேன். கரண்ட் வந்தபோது இரண்டு பேரும் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டோம்.

"கூலி குடுக்க வழியில்ல காத்தமுத்து. நீங்க வேற எடம் பாத்துக்குங்க."

"இதுவளை இப்புடி விட்டுட்டு எங்கம்மா போவ?" என்றார்.

மதியம் தம்பி நன்மாறன் இரண்டு கேன் டீசலோடு வந்தான். திருவாரூரில் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை. லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான். என்னைக் கண்டதும் அழுதுவிடுவான் போலிருந்தது. "என்னக்கா இது, எலும்பா போயிட்ட" என்றான். அவன் கொண்டுவந்த புளியோதரையை மூன்று பேரும் சாப்பிட்டோம். கைது நடந்ததிலிருந்து இன்றுதான் சாப்பாட்டில் உப்பு தெரிந்தது.

ஏப்ரல் 29

ரெஜினா மேரியின் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். தீவனத்துக்கும் டீசலுக்கும் கணக்கிலிருந்து எடுக்க அனுமதி வேண்டும், இல்லையென்றால் உயிரோடு இருப்பதெல்லாம் செத்துப்போகும் என்று. கிடைத்துவிட்டது. பில்லை எல்லாம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அறுவடைப் பணம் முடக்கிய கணக்கிலேயே விழ வேண்டும்.

நன்றி சொன்னேன். "எனக்கு எதுக்குங்க நன்றி? சொத்து கெட்டுப்போகாமப் பாத்துக்கறதும் எங்க வேலைதான்" என்றார். யாருடைய சொத்து என்று நான் கேட்கவில்லை.

மே 9

சொத்து வழக்கை விசாரிக்கிற சென்னை அதிகாரியிடமிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. எந்தச் சொத்து எந்த வருமானத்தில் வந்தது என்று நான் விளக்கம் கொடுக்க வேண்டும். பறிமுதல் செய்யக் கூடாது என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

வக்கீல் ஒரு வழி வைத்திருக்கிறார். அவர் வழி இல்லை, சிறையிலிருந்து சொல்லி அனுப்பிய வழி. எங்கள் அப்பா இறந்த பிறகு திருத்துறைப்பூண்டி நிலத்தை விற்று, என் பங்கை நன்மாறன் வங்கி டிராஃப்டாகக் கொடுத்தான். ஒன்பது வருடம் ஆகிறது. அதில்தான் முதல் குளத்து நிலம் வாங்கினோம். அது உண்மை, பத்திரமும் இருக்கிறது. இப்போது நன்மாறன் அதற்குப் பிறகும் வருடா வருடம் எனக்குப் பணம் கொடுத்ததாகப் பிரமாண வாக்குமூலம் கொடுக்க வேண்டுமாம். அப்பா வீட்டில் ரொக்கமாக வைத்திருந்தாராம், அதை அவன் பத்திரப்படுத்தி வைத்து அக்காவுக்குக் கொடுத்தானாம். இரண்டாம் குளமும் வீடும் அந்தப் பணத்தில் வந்தவையாம்.

அப்பா கடைசி வரை ஒரே செருப்பைத் தைத்துத் தைத்துப் போட்டவர்.

"தம்பிக்கு ஏதும் பிரச்சினை வருமாங்க?" என்றேன்.

"அரசாங்க உத்தியோகஸ்தர், நல்ல பேரு. அவர் சொன்னா எடுபடும்" என்றார் வக்கீல். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை.

மே 10

நன்மாறனிடம் போனில் சொன்னேன். முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள், "போட்டுடறேன்க்கா. எங்க வரணும்?" என்றான்.

நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை.

மே 17

சுடர்கொடி வந்தாள். நன்மாறன் மனைவி. அவனுக்குத் தெரியாமல் இரண்டு பஸ் மாறி, அக்னி நட்சத்திர வெயிலில் வந்திருக்கிறாள். மோர் கொடுத்தேன், தொடவில்லை. குளத்தங்கரையில் பூவரச நிழலில் உட்கார்ந்தோம்.

"அண்ணி, நான் ஒண்ணு கேப்பேன். கோச்சுக்கக் கூடாது."

"கேளு."

"மாமா வீட்டுல ரொக்கம் வச்சிருந்தாங்களா?"

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவர் ராத்திரியெல்லாம் உக்காந்து மனப்பாடம் பண்றாரு அண்ணி. எந்த வருஷம் எவ்வளவு குடுத்தேன்னு. பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி. எங்கிட்டயே ஒப்பிச்சுப் பாக்குறாரு. அந்த அதிகாரிங்க இவரத் திருப்பிக் கேக்க மாட்டாங்களா? அவ்வளவு பணத்த எங்க வச்சிருந்த, சம்பளக் கணக்குல ஏன் வல்லேன்னு? பொய்ச் சத்தியம்னு ஆச்சுன்னா வேலை போயிடும். எங்க வீட்டையும் கேப்பாங்க. நாங்க லோன் போட்டுக் கட்டுன வீடு."

"நான் வற்புறுத்தல சுடரு. அவனாத்தான் போடறேன்னான்."

"தெரியும் அண்ணி. நீங்க கேட்டா அவர் மாட்டேன்னு சொல்ல மாட்டாரு. கெணத்துல குதின்னாலும் குதிப்பாரு. அதான் அவர்கிட்ட பேசாம ஒங்ககிட்ட வந்தேன்."

அவள் சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அழவும் இல்லை. எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "மோரு குடுங்க" என்று வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.



மே 18

காற்றாடி ஒன்று பெல்ட் அறுந்து நின்றது. மாற்றினோம். வேறு எதுவும் செய்ய மனமில்லை.

மே 30

அறுவடை. விடிந்ததிலிருந்து வலை போட்டோம். ரெஜினா மேரி இரண்டு ஊழியர்களோடு கரையில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். வியாபாரி எடை போட, அவருடைய ஆட்கள் பார்த்துக் குறித்தார்கள். ஒவ்வொரு இறாலும் விரல் நீளத்துக்குக் கண்ணாடி மாதிரி மின்னியது. நோய் இல்லை, சாவு இல்லை. வியாபாரியே, "இந்தக் கரையில இந்த வருஷம் இதான் சரக்கு" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம். பணம் முழுக்க முடக்கிய கணக்குக்குத்தான் போகிறது. காத்தமுத்துவின் பாக்கிக் கூலியை மட்டும் அனுமதி வாங்கிக் கொடுத்தேன். ஆனாலும் சந்தோஷம். இதுதான் எங்கள் முதல் நல்ல விளைச்சல் என்று எழுதப் போனேன். எழுதினால் மற்ற வருடங்கள் என்ன என்று வந்துவிடும். நல்ல விளைச்சல்.

ஜூன் 20

நாளை மறுநாள் சென்னையில் விசாரணை. வாக்குமூலம் தயாராகிவிட்டது. வக்கீல் அலுவலகத்தில் நன்மாறன் கையெழுத்துப் போடும்போது நான் வெளியே வராந்தாவில் நின்றேன். தெருவில் கரும்புச்சாறு பிழிகிற சத்தம். வெளியே வந்தவன், "முடிஞ்சிச்சுக்கா" என்று சிரித்தான். கண்ணுக்குக் கீழே கருப்பாக இருந்தது.

வாக்குமூலம் இன்னும் தாக்கல் ஆகவில்லை. விசாரணையன்று நேரில் கொடுக்கலாமாம்.

ஜூன் 22

சென்னை. லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அறை சின்னது. நடுவில் மேசை, அந்தப்பக்கம் வயதான ஓர் அதிகாரி. பக்கவாட்டில் ரெஜினா மேரி. நன்மாறனை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள், தேவைப்பட்டால் கூப்பிடுவார்களாம். கதவு சாத்தும்போது பார்த்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது. ஒப்பிக்கிறான்.

வக்கீல் முதல் குளத்தின் பத்திரத்தையும் டிராஃப்ட் நகலையும் பாகப் பத்திரத்தையும் கொடுத்தார். அதிகாரி நிதானமாகப் பார்த்துவிட்டு, "இது சரி. மத்தது?" என்றார்.

வாக்குமூலத்தை எடுக்க வக்கீல் பையைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். ஏன் பிடித்தேன் என்று யோசிக்கவில்லை. பிடித்த பிறகுதான் தெரிந்தது.

"மத்ததுக்கு எங்கிட்ட எதுவும் இல்லைங்க ஐயா."

"அம்மா, கொஞ்சம் வெளிய வந்து பேசிட்டு..." என்றார் வக்கீல்.

"வேணாங்க. தம்பி எனக்குக் குடுத்தது அப்பா நெலத்துப் பங்கு மட்டுந்தான். அதுக்கப்புறம் அவன் ஒரு காசு குடுக்கல. குடுக்க அவங்கிட்ட இல்ல."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ ரெண்டாவது குளம், வீடு, காரு, நகை?"

"அவரு வாங்குனாரு."

"என்ன வருமானத்துல?"

"எறா வருமானத்துல வல்லைங்க. அது மட்டும் எனக்குத் தெரியும்."

"அவரை நீங்க கேட்டதில்லையா?"

தட்டச்சு செய்கிறவர் நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தார். "இல்லை" என்றேன். ஒரு வார்த்தை. அவர் அடிக்க எவ்வளவோ நேரம் ஆனமாதிரி இருந்தது.

வெளியே வந்ததும் நன்மாறன் எழுந்தான். "என்னையக் கூப்பிடுவாங்களாக்கா?"

"கூப்பிட மாட்டாங்க. வா, சாப்பிடப் போவோம்."

ஓட்டலில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னேன். கோபப்பட்டான். "நான் சொல்லிருப்பேன்க்கா, கரெக்டா சொல்லிருப்பேன்" என்றான். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தோள் குலுங்கியது. சர்வர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூலை 8

திருச்சி. அவருக்கு வக்கீல் முன்பே சொல்லிவிட்டார். தாடி எடுத்திருந்தார். கத்துவார் என்று நினைத்துப் போனேன். கத்தவில்லை.

"மண்டையில அடிச்ச மாதிரி அடிச்சிட்டியே மங்கை. யாருக்காகச் சேத்தேன்? ஒனக்குத்தானே?"

"எனக்குன்னு சேத்ததுக்கு எந்தம்பி ஜெயிலுக்கு வரணுமா?"

"நல்லா இருந்தியே. ஒரு நாளு கேட்டியா, எங்கேருந்து வருதுன்னு?"

"கேக்கல."

"தெரியாமயா கேக்கல?"

பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் சொல்லிவிட்டார். இன்னும் ஒரு நிமிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

ஆகஸ்ட் 27

உத்தரவு வந்துவிட்டது. வீடு, இரண்டாம் குளம், கார், வளையல்கள், அறுவடைப் பணத்தில் அந்தக் குளத்துப் பங்கு, எல்லாம் அரசுக்கு. முதல் குளமும் அதன் கொட்டகையும் விடுவிக்கப்படுகின்றன. மேல்முறையீடு செய்யலாம் என்றார் வக்கீல். வேண்டாம் என்றேன்.

முதல் குளம் என்னுடையது. இதைப் பலமுறை சொல்லிப் பார்த்தேன். சந்தோஷம் இன்னும் வரவில்லை. பயம் மட்டும் கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

செப்டம்பர் 14

வீட்டைக் காலி செய்தேன். பாத்திரம், துணி, தையல் மெஷின், கட்டில். நன்மாறன் டெம்போ கொண்டுவந்தான். சுடர்கொடி அடுப்படியை ஒழித்துக் கொடுத்தாள். எங்களோடு வந்து இருங்கள் என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். குளத்தை விட்டுவிட்டு வர முடியாது என்று காத்தமுத்து வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். ஓடு ஒழுகும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

ரெஜினா மேரி சாவியை வாங்கிக்கொண்டு கையெழுத்துக் கேட்டார். போட்டேன். போகும்போது தன் போன் எண்ணைக் கொடுத்தார். "எதுக்குங்க?" என்றேன். "வச்சிருங்க. தனியா இருக்கீங்க" என்றார்.

அக்டோபர் 2

மழைக்கு முன் குளத்தை உழுது சுண்ணாம்பு போட்டோம். குஞ்சு தைக்குப் பிறகுதான். அதுவரை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு டியூஷன். ஆறு பேர் வருகிறார்கள். ஒருத்தியின் அம்மா மட்டும் இரண்டாம் நாளே நிறுத்திவிட்டாள்.

அக்டோபர் 19

இன்று பத்து மணி வாக்கில் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல பேச்சு. இதற்கு முன் பார்த்ததில்லை. பைக்கை வரப்பிலேயே நிறுத்திவிட்டு நடந்துவந்தார். காத்தமுத்து சந்தைக்குப் போயிருந்தார்.

"அக்கா, நான் இளஞ்செழியன் அண்ணனுக்கு வேண்டியவன். நீங்க இப்படிக் கஷ்டப்படறத அவரால தாங்க முடியல. அடுத்த வாரம் ரெண்டு நாளைக்கு இந்தக் கொட்டகை மட்டும் எங்களுக்கு வேணும். வாய்க்கால்ல படகு வரும், போயிடும். நீங்க வரவே வேணாம். எதுவும் கேக்கவும் வேணாம்."

வரப்பில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"என்ன வைக்கப் போறீங்க?" என்றேன்.

அவர் சிரித்தார். "அதான் சொன்னேனே, கேக்க வேணாம்னு."

"என் எடம். நான் கேப்பேன். என்ன வைக்கப் போறீங்க?"

சிரிப்பு போய்விட்டது. என்னையும் கொட்டகையையும் சுற்றுமுற்றும் ஒருமுறை பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுங்க. தனியா வேற இருக்கீங்க. வெள்ளிக்கிழமை வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ரெஜினா மேரியும் அதே வார்த்தையைத்தான் சொன்னார். அவர் சொன்னபோது அது மிரட்டலாகப் படவில்லை.

பைக் எண்ணைக் கையில் எழுதிக்கொண்டேன். கொட்டகையைப் பூட்டிவிட்டு, சாலைக்கு வந்து, ஆள் நடமாட்டம் இருக்கிற டீக்கடை ஓரத்தில் நின்று போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாமா என்றுகூட ஒருமுறை தோன்றியது.

"சொல்லுங்க" என்றது ரெஜினா மேரியின் குரல்.

"மங்கையர்க்கரசி பேசுறேங்க" என்றேன். அவர் கேள்வி எதுவும் கேட்பதற்கு முன்னால் நானே சொல்ல ஆரம்பித்தேன்.